மூலம் காட்டலும் பிழை ஒப்புதலும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றித் தமிழுலகிற்கு அளித்தவர் சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்கள். அப்பதிப்பு 1885ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமக்குக் கிடைத்த உரை முழுவதும் நச்சினார்க்கினியருடையதே என்னும் கருத்தினராய் அவர் அதனை வெளியிட்டார். பின்னர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழாசிரியராய் விளங்கிய இரா. இராகவையங்கார் அவர்கள், மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் பின்னான்கு இயல்களுக்கும் அப்பதிப்பிற் கண்ட உரை பேராசிரியர் இயற்றியது என்பதைச் சான்று காட்டி நிறுவினார். செய்யுளியலுக்கு மட்டும் நச்சினார்க்கினியர் உரையும் வேறாகக் கிடைத்து அச்சாயிற்று. ஏனை மூன்று இயல்களுக்கும் அவருரை கிடைத்திலது.

இதனால் பிள்ளையவர்களுக்கு வரும் இழுக்கு யாதும் இல்லை. சிதைந்த ஏடுகளைத் தேடித் திரட்டி, ஒப்புநோக்க மற்றோர் அச்சுப்படி இல்லாத நாளில், இறந்துபடவிருந்த உரையை அவர் காத்தார். அவர் அதனை அச்சிட்டமையாலேயே பிறர் அதனை ஆராயவும் திருத்தவும் முடிந்தது. இவ்வரலாற்றை ஈண்டு எடுத்தது அவர் பிழையைக் கூறுதற்கன்று; என் பிழையைக் கூறுதற்கு.

என் முனைவர்ப் பட்ட ஆய்வேட்டில் வழிநூல் பற்றிய பகுதி ஒன்று உண்டு. மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துதலை விளக்குங்கால், உரைப்பகுதி ஒன்றை மேற்கோளாக எடுத்தாண்டேன். அதனை யான் தொல்காப்பியப் பதிப்பிலிருந்து எடுத்தேனல்லேன். பழைய இதழொன்றில் வந்த கட்டுரையில் அது காணப்பட்டது. அக்கட்டுரையாளர் 1885ஆம் ஆண்டுப் பதிப்பை வைத்து எழுதியவர். ஆதலின் ‘நச்சினார்க்கினியர்’ என்றே குறித்திருந்தார். யானும் அவ்வாறே குறித்தேன். குறித்ததோடு அமையாமல், அக்கட்டுரையின் பெயரை விடுத்து, அவர் காட்டியிருந்த பதிப்பையும் பக்க எண்ணையும் என் அடிக்குறிப்பில் நேரே அமைத்துக்கொண்டேன். அதே ஆய்வேட்டின் முன்னுரையில், பின்னான்கு இயல்களுக்கு உரை கண்டவர் பேராசிரியர் என்று யானே எழுதியிருந்தேன் என்பது நகைப்பிற்குரியது. என் நெறியாளர் அதனைக் கண்டிலர்; தேர்வாளரும் கண்டிலர். ஆய்வேடு நூலாயிற்று.

நான்காண்டு கழிந்தபின் முதுகலை மாணவி ஒருத்தி அந்நூலைக் கையில் எடுத்துவந்து, மரபியலுக்கு நச்சினார்க்கினியர் உரை இல்லையே, இஃது எப்பதிப்பில் உள்ளது என்று பணிவோடு வினவினாள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதை அப்போதே அறிவேன். எப்பதிப்பிலும் யான் அதனைக் கண்டதில்லை.

உரையாசிரியர் பெயரை மாற்றி எழுதியது அறியாமை, அது பொறுக்கத்தக்கது. காணாத பதிப்பைக் கண்டதாகக் காட்டியது அத்தகையதன்று. ஆராய்ச்சிக் கட்டுரையின் அடிக்குறிப்பு ஒருவகைச் சாட்சியம். ‘இன்ன நூலில், இன்ன பதிப்பில், இன்ன பக்கத்தில் யான் இதனைக் கண்டேன், ஐயமுடையார் சென்று காண்க’ என்பதே அதன் பொருள். சென்று கண்டவர்க்கு வேறொன்று தென்படுமாயின், அக்குறிப்பு வழி காட்டவில்லை, வழி மறித்தது என்றே கொள்ளல் வேண்டும். பிறர் கட்டுரையிலிருந்து எடுத்ததை ‘இன்னார் கட்டுரையில் எடுத்தாளப்பெற்றது’ என்று ஒரு தொடர் சேர்த்திருப்பின், படிப்போர் அக்கட்டுரையை நோக்கி, அதன் ஆண்டை நோக்கி, அக்காலத்துப் பதிப்பின் நிலையை உணர்ந்து, பிழையைத் தாமே களைந்திருப்பர். அத்தொடரை எழுதாமைக்குக் காரணம் இடமின்மை அன்று. மூலத்தையே கண்டவன் என்னும் பெயரை விரும்பினேன்.

வெளியீட்டு அறம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கருத்துக் களவையே எடுத்துப் பேசுகின்றனர். அது பெருங்குற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயின் தமிழாய்வில் யான் மிகுதியாகக் கண்ட குற்றம், யானே செய்த இந்தச் சிறு குற்றமே. பிறர் எழுத்தைக் களவாடுவோர் சிலர். பிறர் கண்ட மூலத்தைத் தாம் கண்டதாகக் காட்டுவோர் பலர்.

இனி, பழந்தமிழ் மரபில் இவ்வறம் உண்டோ எனின், உண்டு. ஆயின் வேறு வடிவில் உண்டு. தொல்காப்பியர் ‘என்ப’ என்றும் ‘என்மனார் புலவர்’ என்றும் நூற்பாதோறும் கூறிச்செல்வது, அக்கருத்துத் தமக்கு முன்னரே உள்ளது என்பதைப் புலப்படுத்தும். சேனாவரையர் மறுக்கப் புகுமிடத்து, ‘உரையாசிரியர்’ என்று சுட்டி, அவர் கொண்ட பொருளை முதற்கண் எடுத்துரைத்து, அதன் பின்னரே தடை நிகழ்த்துவார். மறுக்கப்படும் கருத்தைக் குறைத்துக் கூறி எளிதில் வெல்லும் முறை அவர்பால் இல்லை. இக்காலத்து ஆய்வேடுகளில் எதிர்க்கருத்துடையார் பெயர் ‘சிலர்’ என்னும் சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது. அச்சிலர் யாவர், எங்கே கூறினர் என்று கேட்பின் விடை வாராது.

நன்னூலார் தொல்காப்பிய நூற்பாக்களிற் சிலவற்றை அவ்வாறே எடுத்துத் தம் நூலுள் வைத்தாரே, அது களவாகாதோ என்று மாணவர் வினவுவதுண்டு. சில வேளை, ஆய்வேட்டில் அகப்பட்டுக்கொண்ட மாணவரும் இவ்வினாவை விடுப்பதுண்டு! களவாகாது. நன்னூல் வழிநூல், முன்னோர் மொழியைப் பொன்போல் போற்றி எடுத்தாளுதல் அம்மரபில் வெளிப்படையாகக் கூறப்பட்ட கொள்கை. நன்னூலைக் கற்பவர் தொல்காப்பியத்தை அறிந்தவர். அவரை யாரும் ஏமாற்றவில்லை. முனைவர்ப் பட்டத்திற்கு எழுதுவோர், இஃது என் சொந்த ஆய்வு என்று உறுதிமொழி எழுதிக் கையொப்பமிடுகின்றனர். நன்னூலார் அவ்வாறு யாதொன்றும் எழுதித் தந்திலர். களவிற்கு இலக்கணம் எடுத்தல் அன்று, மறைத்தல்.

மறையாமையின் பயன் எத்துணைப் பெரிது என்பதற்குப் புறத்திரட்டு ஒன்றே சாலும். பழைய நூல்கள் பலவற்றிலிருந்து செய்யுட்களைத் தேர்ந்து அதிகார முறையில் தொகுத்தவர், அவை எடுக்கப்பெற்ற நூல்களின் பெயர்களையும் குறித்து வைத்தார். எஸ். வையாபுரிப் பிள்ளை அவர்கள் அதனைப் பதிப்பித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. முத்தொள்ளாயிரம் என்னும் நூலில் இன்று நமக்குக் கிடைக்கும் நூற்றுக்கு மேற்பட்ட வெண்பாக்கள் புறத்திரட்டின் வழியே வந்தவை. தகடூர் யாத்திரை, ஆசிரியமாலை முதலிய நூல்களின் செய்யுட்களையும் அதனுள் காண்கிறோம். நூல்கள் மாண்டன, பெயரோடு சில பாடல்கள் பிழைத்தன. தொகுத்தவர் தம் பெயரை மட்டும் எழுதி வைத்திலர். பிறர் நூற்பெயரை எழுத மறவாத அவர், தம் பெயரை மறந்தது பற்றி எண்ணுந்தோறும் எனக்கு நாணம் மிகுகிறது.

இதற்கு மாறான நிலையை உரைகளிற் காணலாம். யாப்பருங்கல விருத்தி முதலியவற்றுள் மேற்கோளாக வந்த செய்யுட்கள் பலவற்றிற்கு நூற்பெயர் இல்லை. அக்காலத்து மாணாக்கர் முதற்சீர் கேட்ட அளவிலே முழுப்பாட்டையும் நூலையும் அறிந்திருப்பர். ஆதலின் உரையாசிரியர்மேற் குற்றம் இல்லை. ஆயினும் அச்செய்யுட்கள் எந்நூலைச் சார்ந்தவை என்று இன்றும் தேடிக்கொண்டிருக்கிறோம். இன்று யாவரும் அறிந்ததென நாம் குறியாது விடுவது, நாளை யாரும் அறியாததாகிவிடலாம்.

அச்சுக்காலத்தில் இவ்வறத்தைச் செயலிற் காட்டியவர் உ. வே. சாமிநாதையர் அவர்கள். 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணி தொடங்கி அவர் பதிப்புகளின் முகவுரையைப் படிப்போர், ஏடு உதவியோர் பெயர்கள் முறையாகக் குறிக்கப்பட்டிருத்தலைக் காண்பர். மணிமேகலைப் பதிப்பிற்குப் பௌத்த சமய நுட்பங்களை விளக்கியவர் ரங்காசாரியார் என்பதை ஐயர் மறைத்தாரல்லர். தம் வரலாற்றிலும் அவ்வுதவியை விரித்தெழுதினார். இவற்றினும் என்னைக் கவர்வது அவர் விட்ட வெற்றிடங்களே. 1894இல் அவர் வெளியிட்ட புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்களுக்குப் பாட்டில்லை. வேறு சில பாடல்களில் அடிகள் சிதைந்த இடங்களிற் புள்ளிகளே நிற்கின்றன. யாப்பும் சொல்லும் நிரம்பிய அவர்க்கு, அச்சிதைவை ஓசை பிழையாமல் நிரப்புதல் ஒரு மாலைப்பொழுதின் வேலை. நிரப்பியிருப்பின் எவரும் அறிந்திரார். புறநானூறும் அன்றோடு நம்பத்தகாத நூலாகியிருக்கும்.

ஏட்டின் வரலாறு தெளிவின்றி நிற்பின் நேர்வது யாது என்பதற்கு இன்னிலை, கைந்நிலை வழக்கு தக்க சான்று. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களைத் தொகுத்துக் கூறும் பழைய வெண்பாவில் ஈற்றில் வரும் சொற்களைக் கொண்டு, பதினெட்டாவது நூல் யாது என்னும் ஐயம் எழுந்தது. வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் இன்னிலையைத் தம் உரையோடு வெளியிட்டார். பின்னர் இ. வை. அனந்தராமையர் அவர்கள் 1931இல் கைந்நிலையை, சிதைந்த பாடல்கள் சிதைந்தவாறே நிற்க, வெளியிட்டார். கைந்நிலையே பதினெட்டனுள் ஒன்று என்பதும், இன்னிலை பிற்காலத்தார் ஒருவர் இயற்றிப் பழமை கூறியது என்பதும் ஆராய்ந்தோர் பலரின் முடிபு. சிதம்பரனார் நல்லெண்ணத்தோடே அதனை அச்சிட்டார் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் ஒன்று நோக்கத்தக்கது. சிதைவுற்ற ஏடு தன் சிதைவாலேயே தன் பழமைக்குச் சான்று பகர்கிறது. பழுதின்றி வந்த நூலைப் பற்றியோ, அதன் ஏடு எங்கிருந்தது, யார் கையில் இருந்தது, பிறர் கண்டனரா என்னும் வினாக்களே முதலில் எழுகின்றன. அவ்வினாக்களுக்குத் தெளிவான விடை அச்சுப்படியோடு உடன்வந்திருப்பின், இவ்வழக்கு இத்துணைக் காலம் நீண்டிராது. ஏட்டின் மூலம் மறைந்தால், நல்லோர் பெயரும் பொய்ந்நூலுக்குக் காவலாய் நின்றுவிடும்.

இனி, இக்காலத்து விதிகளைச் சிறிது நோக்குவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துக் களவுத் தடுப்பு ஒழுங்குமுறையை வெளியிட்டது. அதன்படி, ஒப்புமை பத்து விழுக்காடு வரையாயின் தண்டம் இல்லை. பத்துக்கு மேல் நாற்பது வரையாயின் ஆய்வேட்டைத் திருத்தி ஆறு திங்களுக்குள் மீண்டும் அளித்தல் வேண்டும். நாற்பதுக்கு மேல் அறுபது வரையாயின் ஓராண்டு அளித்தற்குத் தடை. அறுபதைக் கடந்தால் பதிவே நீக்கப்படும். விதி வேண்டுவதே. ஆயின் அதனைத் தமிழுக்குப் பொருத்துமிடத்துச் சில விந்தைகள் விளைகின்றன. பொதுச் செய்தியாகவோ தற்செயலாகவோ தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்திருத்தலை அவ்விதி பொறுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் 14 சொற்கள் ஒரு சிறு வாக்கியம். தமிழிலோ, வேற்றுமையும் இடைச்சொல்லும் பெயரோடும் வினையோடும் ஒட்டி நிற்றலின், அத்துணைச் சொற்களுள் ஒரு முழுக் கருத்தையே அடக்கிவிடலாம். குறள் ஒன்றற்குச் சீர் ஏழு; 14 என்பது இரண்டு குறளளவு. சீரும் சொல்லும் ஒன்றல்ல எனினும் அளவு விளங்கும். நாலடி வெண்பாவுக்கு 15 சீர். ஒன்று குறைய ஒரு வெண்பாவையே எடுத்துக்கொள்ளலாம் போலும்!

மேலும், ஒப்புமை காணும் கணிப்பொறி, தன்பால் உள்ள எழுத்துகளோடு மட்டுமே ஒப்பிடும். ஐம்பதாண்டிற்கு முன் வந்த இதழ்க் கட்டுரைகளுள் எத்துணை அதன்பால் உள்ளன? பழைய இதழ்களின் கட்டுரையை வரிக்குவரி எடுத்தவர் தேறிவிடுவார். தாமே எழுதி, மூல நூலடிகளை மேற்கோட்குறி இன்றி அமைத்தவர் அகப்படுவார். என் குற்றத்தையும் எந்தக் கணிப்பொறியும் காட்டியிராது. சொல் ஒத்திருந்தது, மூலமும் காட்டப்பட்டிருந்தது; பொய் அதன் நடுவில் இருந்தது. அண்மைக்காலத்தில் கணிப்பொறியே கட்டுரை இயற்றித் தருகிறது. இல்லாத நூலுக்குப் பதிப்பாண்டும் பக்க எண்ணும் கூடத் தருகிறது. அதனை நம்பிக் கையொப்பமிடுவோர் குற்றமும் என் குற்றமும் ஒரே இனத்தவை. அளவே வேறு.

வேறு சில குறைகளை விரைந்து கூறி அமைவேன். ஒரே கட்டுரையைத் தலைப்பு மாற்றி இரண்டு இதழ்களுக்கு அனுப்புதல். ஒரு கட்டுரைக்குரிய பொருளை மூன்றாகப் பிளந்து எண்ணிக்கை பெருக்குதல். பொருள் பெற்றுக்கொண்டு, எதையும் படிக்காமலே அச்சிடும் இதழ்களை நாடுதல் — இவை யாவரும் அறிந்தவை. ஆய்வேடு அளிக்குமுன் கட்டுரை வெளியிட்டிருத்தல் வேண்டும் என்று முன்னர் இருந்த கட்டாயத்தை மானியக் குழு 2022ஆம் ஆண்டு விதிகளில் விட்டுவிட்டது. விட்டதனால் இவ்விதழ்கள் குறையும் என நம்பினேன். பணி உயர்வுக்குக் கட்டுரை எண்ணும் வழக்கம் நிற்கும்வரை அவை குறையா.

மாணவர் எழுதிய கட்டுரையில் நெறியாளர் பெயரை முதலில் இடுதல் பற்றி மட்டும் வாளா இருத்தல் இயலாது. நெறியாளர் கருத்துத் தந்திருக்கலாம், திருத்தியிருக்கலாம். அதற்கு உரிய இடம் நன்றியுரை. ஏட்டைப் படித்து, படி எடுத்து, பாடம் ஒப்பிட்டு, முடிபு கண்டு எழுதியவர் மாணவராயின் ஆசிரியரும் அவரே. மாணவர் விரும்பியே பெயர் இட்டார் என்பர். கையொப்பம் வேண்டி வாயிலில் நிற்பவர் விருப்பம் எத்தகையது என்பதை, அவ்வாயிலில் ஒருகாலத்தில் நின்ற நாமெல்லாம் அறிவோம். நாட்டார் பாடல் தொகுக்கும் துறையிலும் இஃது உண்டு. நாற்றுநடவிலும் ஒப்பாரியிலும் பாடிய பெண்டிர் பெயர், அவர் இசைந்தாராயின், பாட்டின் கீழ் இருத்தல் வேண்டும். ‘தகவலாளி’ என்று எண்ணிட்டு நிறுத்துவது எனக்கு உடன்பாடன்று.

என் கதைக்கு மீள்கிறேன். அம்மாணவி வினவிய பின் யான் உடனே யாதும் செய்திலேன். இரண்டாம் பதிப்பில் திருத்தலாம் என்று ஆறுதல் கூறிக்கொண்டேன்; தமிழாய்வு நூல்கள் இரண்டாம் பதிப்புக் காண்பது எளிதன்று என்பதை அறிந்தே கூறிக்கொண்டேன். இரண்டாண்டு சென்றது. பிறிதொரு பல்கலைக்கழகத்து ஆய்வேடு மதிப்பீட்டிற்காக என்னிடம் வந்தது. அதில் அவ்வுரைப்பகுதி இருந்தது. ‘நச்சினார்க்கினியர்’ என்றே இருந்தது. பதிப்பும் பக்கமும் இருந்தன. என் நூற்பெயர் இல்லை. ஆயினும் அஃது என் நூலிலிருந்து எடுத்ததே என்பதை உறுதியாக அறிந்தேன். படி எடுக்குங்கால் யான் ஒரு சொல்லை விட்டிருந்தேன். அவ்வாய்வேட்டிலும் அதே சொல் விடுபட்டிருந்தது. இரண்டு ஏடுகளில் ஒரே பிழை காணப்படின் அவை ஒரு தாயேட்டின் வழிவந்தவை என்று பாடவாராய்ச்சி வகுப்பில் ஆண்டுதோறும் கற்பிப்பவன் யான். தாயேடு யானே ஆயினேன்.

அவ்வாய்வாளரைக் கடிந்தெழுத எனக்கு நா எழவில்லை. மூலத்தைக் கண்டு திருத்துக என்றும், இப்பிழை என் நூலில் தொடங்கியது என்றும் மதிப்பீட்டில் எழுதினேன். அவ்வாரமே என் ஆய்வேட்டுக்குப் பிழைதிருத்தம் ஒன்று எழுதி, பேராசிரியர் உரையென்பதையும், யான் மூலம் காணாது எழுதியதையும், விடுபட்ட சொல்லையும் குறித்து, இதழ் ஒன்றற்கு விடுத்தேன். அஃது அரைப்பக்க அளவில் வெளிவந்தது. எங்கள் துறை நூலகத்தில் உள்ள ஆய்வேட்டுப் படியில், நூலகர் இசைவு பெற்று, உரிய பக்கத்தில் அத்திருத்தத்தின் படியை ஒட்டிவைத்தேன். அச்சான நூலின் படிகள் எவ்வெவ்வூர் நூலகங்களில் உள்ளன என்று கேட்டுப் பதிப்பகத்தார்க்கு எழுதினேன். அவர் தந்த பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்குத் தாள்களை அனுப்பி வருகிறேன். இதுகாறும் ஒட்டினோம் என்று மறுமொழி விடுத்தவை மூன்று.